இலைக்குப் பின்னால் இலை

அந்த ஆண்டு செம்பள்ளத்தில் ஒரு பிள்ளைகூடப் பிறக்கக் கூடாது என்று அறிவித்தவன் சங்கரலிங்கம்தான்.

கேன்டீனில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஷிப்டு முடிந்து வந்தவர்களும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவன் நாற்காலிமேல் ஏறி நின்று, "இந்த வருசம் இலைப்பங்கு இல்லை" என்றான். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லாததால் இறங்கிவிட்டான். எல்லோருக்கும் பின்னால் அவனுடைய மனைவி ஆவுடை நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாய்களுக்கு வெல்டிங் வைப்பது அவள் வேலை. கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். குடித்துக்கொண்டிருந்த டீயை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் வயிற்றில் இரண்டரை மாதம். அந்தக் கூட்டத்தில் அது சங்கரலிங்கத்துக்கு மட்டும்தான் தெரியும்.

செம்பள்ளம் செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது. பெரிய பள்ளம் ஒன்றைக் கண்ணாடிக் கூரையால் மூடி, நடுவில் காடு வளர்த்து, சுற்றிலும் பாறையைக் குடைந்து வீடு கட்டியிருந்தார்கள். நானூறு பேர். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் என்பதால் பேச்சு அப்படியே தங்கிவிட்டது. பனிக்கட்டியிலிருந்து மூச்சுக்காற்றைப் பிரித்துக் கொடுக்க எந்திரம் உண்டு. ஆனால் சங்கரலிங்கம் சிறுவனாக இருந்தபோது அந்த எந்திரம் ஒருமுறை நின்றுபோனது. சரிசெய்து முடிப்பதற்குள் அறுபது பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். அதற்குப் பிறகு வந்தது இலைச் சட்டம். எந்திரம் நின்றாலும் மரங்கள் மட்டுமே எல்லோருக்கும் மூச்சுக் கொடுக்க வேண்டும். ஓர் உயிருக்கு இவ்வளவு இலை என்று கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை காட்டின் இலைப்பரப்பை அளப்பார்கள்; இப்போது அந்த வேலை சங்கரலிங்கத்துடையது. மிச்சம் இருந்தால் பிள்ளை பெற அனுமதி. அதற்குப் பெயர் இலைப்பங்கு. பங்கு இல்லாத கரு மூன்று மாதத்துக்குள் கலைக்கப்பட வேண்டும்.

போன ஆண்டு நான்கு பங்கு கிடைத்தது. வரிசையில் அடுத்தது சங்கரலிங்கம், ஆவுடை பெயர். அந்தத் தைரியத்தில்தான் அறிவிப்புக்கு முன்பே கருவை வரவிட்டிருந்தார்கள். இடையில் வந்த புழுதிப்புயல் மாதக்கணக்கில் வெயிலை மறைத்ததும் காட்டின் வளர்ச்சி நின்றுபோனதும் அவர்கள் எதிர்பாராதவை.

மதியம் சங்கரலிங்கம் வீட்டுக்குப் போனபோது ஆவுடை கட்டிலில் உட்கார்ந்து அவனுடைய கேமராவை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழ் மாதிரி புடைத்த கண்ணாடி. மீன்கண் லென்ஸ்.

"இதை வச்சு எப்படி அளக்கீங்க? நம்ம கல்யாணம் முடிஞ்சு இத்தனை வருசத்துல நான் கேட்டதே இல்ல."

"அது எதுக்கு இப்போ?"

"எம்பிள்ளைய வேண்டாம்னு சொன்னது இதுதான? எப்படிச் சொல்லிச்சுன்னு நான் தெரிஞ்சுக்கிடக் கூடாதா?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "மரத்தடியில இதை வானத்தைப் பாக்க வச்சுருவேன். மேல இருக்க மொத்த வானமும் ஒரு வட்டத்துக்குள்ள விழுந்துரும். இலை கருப்பாத் தெரியும், இடைவெளி வெள்ளையாத் தெரியும். வெள்ளை எவ்வளவுன்னு எண்ணினா, அவ்வளவு வெளிச்சத்தை மறைக்க எத்தனை இலை வேணும்னு கணக்குல வந்துரும்."

"அப்போ இலைய எண்ணல. ஓட்டையத்தான் எண்ணுதீங்க."

"ஓட்டையத்தான்."

"ஒரு இலைக்கு நேர் பின்னால இன்னொரு இலை இருந்தா?"

அளவைப் படிப்பில் முதல் பாடமே அதுதான். "ரெண்டும் ஒரே கருப்பாத்தான் தெரியும். இலைங்க கலைஞ்சு கிடக்குன்னு வச்சுத்தான் கணக்கு. நெசத்துல இலை கொத்துக் கொத்தாத்தான் இருக்கும். அதனால கொறச்சுத்தான் காட்டும்."

"எவ்வளவு கொறச்சு?"

"தெரியாது. பூமியில அதுக்குத் திருத்தம் உண்டு. ஒரு மரத்தை முழுசா உருவி, இலைய விரிச்சு அளந்து, படத்தோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. இங்க ஈர்ப்பு கம்மி, மரம் வேற மாதிரி கெளைக்குது. அந்தத் திருத்தம் செல்லுமான்னு யாருக்கும் தெரியாது. அதனால திருத்தமே வேண்டாம், கொறஞ்ச கணக்கே பாதுகாப்புன்னு ஆரம்பத்துல முடிவு பண்ணிட்டாங்க."

"ஒரு மரத்தை உருவிப் பாத்துருக்கலாமே?"

"பச்சை இலையக் கிள்ளினா பனிச்சுரங்கத்துக்கு அனுப்பிருவாங்க. ஒனக்குத் தெரியாதா?"

ஆவுடை கேமராவைப் படுக்கையில் வைத்தாள். "அப்போ யாருக்கும் தெரியாத ஒரு கணக்குக்காக இத்தனை பொம்பளைங்க வயித்தக் கழுவிட்டு வந்துருக்காங்க. நான் கழுவ மாட்டேன். எனக்குத் தெரியணும்."

இலைப்பங்கை முடிவுசெய்யும் காற்றுக் குழுவின் தலைவி டாக்டர் ஜெபராணி மரங்களைப் பற்றிப் படித்தவர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தாய், தகப்பன் இருவரையும் எந்திரம் நின்ற அந்த நாட்களில் பறிகொடுத்தவர். இலைச் சட்டத்தை எழுதியதில் அவருக்குப் பெரும்பங்கு. அன்று சாயங்காலமே இருவரும் அவர் அறைக்குப் போனார்கள். ஆவுடை சுற்றி வளைக்கவில்லை. ஒரே ஒரு மரத்தைப் பறிக்க அனுமதி கேட்டாள்.

"முடியாது" என்றார் ஜெபராணி. "நீ நினைக்கிறதை நான் யோசிக்கலைன்னு நினைக்காதே. கணக்கு குறைவாக் காட்டுதுன்னு நீ நம்புறே. கூடுதலாக் காட்டினா? கிளையும் தண்டும்கூட லென்ஸுக்குக் கருப்புதான். கட்டையை எல்லாம் இலைன்னு எண்ணிட்டிருக்கோம்னு தெரிஞ்சா என்ன செய்வே? இப்ப இருக்கிற நானூறு பேர்ல யாரை அனுப்புவே?"

"தெரியாம இருந்தா மட்டும் காத்து வந்துருமா டாக்டரம்மா?"

"இந்தக் கணக்கை நம்பித்தான் இங்கே எல்லாரும் தூங்குறாங்க." ஜெபராணியின் குரல் ஏறவில்லை. "நானும் ரெண்டு கருவைக் கொடுத்திருக்கேன் ஆவுடை. சட்டம் எழுதின கையாலேயே கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ப் படுத்தேன். உனக்கு மட்டும் எப்படி விடுவேன்?"

சங்கரலிங்கம் மனைவியின் தோளைத் தொட்டான். அவள் அசையவில்லை.

"கூடுதலாக் காட்டிருமோன்னு ஒங்களுக்குப் பயம் இல்ல. கொறச்சலாக் காட்டிருக்குன்னு தெரிஞ்சுருமோன்னுதான் பயம்."

ஜெபராணி கதவைக் காட்டினார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி புழுதி. கூரைக்கு மேலே சூரியன் இருக்கும் இடமே தெரியாமல் வானம் முழுக்க ஒரே செம்பால் நிறம். காலை ஷிப்டு மாறும் நேரத்தில் காட்டுப்பாதையில் எல்லோரும் நடப்பார்கள். பாதையோரத்தில் தனியாக ஒரு புங்கமரம். ஆவுடை வெல்டிங் வேலைக்கு வைத்திருந்த ஏணியைத் தூக்கி வந்து அதில் சாத்தினாள். ஏறினாள். தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து இழுத்து, ஒரு கொத்து இலையை உருவிப் பையில் போட்டாள்.

முதலில் பார்த்த ஆள் கத்தினான். கூட்டம் சேர்ந்தது. செம்பள்ளத்தில் பிறந்த பிள்ளைகள் அம்மா என்று சொல்லக் கற்பதற்கு முன்னால் இலையைத் தொடக்கூடாது என்று கற்றவர்கள். சிலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்க மூச்சைப் பறிக்கா பாரு! எறங்குட்டி கீழ!" பனிச்சுரங்கத்தில் வேலை பார்த்து வந்த தளவாய் ஏணியைப் பிடித்து உலுக்கினான். அவன் அண்ணன் அந்த அறுபது பேரில் ஒருவன்.

"உலுக்கு அண்ணாச்சி. விழுந்தா ரெண்டு உசுரு. கணக்கு எனக்கும் தெரியும்" என்றாள் ஆவுடை மேலிருந்து. அவளுக்கு வயிற்றில் பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்தது அப்போதுதான். தளவாயின் கை நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் சங்கரலிங்கம் ஓடிவந்தான். கூட்டம் வழிவிட்டது. அளக்கிறவன் வந்துவிட்டான், இறக்கிவிடுவான் என்று நினைத்தார்கள்.

"ஆவுடை, நிறுத்து."

அவள் அவனைப் பார்த்த பார்வையை அவன் பிறகு வெகுகாலம் மறக்கவில்லை. நீயுமா என்று கேட்டது அது.

"நிறுத்து, முதல்ல படம் எடுக்கணும்" என்றான் அவன். "உருவுறதுக்கு முன்னால லென்ஸ் என்ன சொல்லுதுன்னு வேணும்லா? இல்லன்னா நீ பறிச்சதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. அந்தப் பையில போட்டதத் தனியா வையி, அது கணக்குல சேரக் கூடாது."

தோளிலிருந்த கேமரா முக்காலியை இறக்கி மரத்தடியில் ஊன்றினான். ரசமட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு காலாகத் திருகினான். குமிழி நடுவில் நிற்காமல் போக்குக் காட்டியது. இவ்வளவு கூட்டம் பார்த்திருக்க அவன் ஒருநாளும் அளந்ததில்லை. ஏணியை இறக்கி வைத்துவிட்டு, மரத்தைச் சுற்றி இடம் மாற்றி மாற்றிப் படமெடுத்தான். அதுவரை ஆவுடை படத்தில் விழாதபடி தண்டோடு ஒட்டி, கவட்டையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒருவரும் போகவும் இல்லை.

"முடிஞ்சுது" என்று ஏணியைத் திரும்பச் சாத்தினான். "இந்த மரத்து இலைய எல்லாம் விரிச்சா நம்ம கேன்டீன் தரை நிறையும்னு லென்ஸ் சொல்லுது. ஒரு இலை கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இனி நானும் பறிக்கப் போறேன்."

அவன் கை வைத்த முதல் கிளை முறிந்து தொங்கியது. மரத்தைத் தெரியுமே தவிர அவனுக்குப் பறிக்கத் தெரியாது. கூட்டத்திலிருந்து யாரோ, "முறிக்காதீரும், காம்போட கிள்ளும்!" என்றார்கள். கேன்டீனில் சமைக்கும் ஜமீலா. ஆறு வருடத்துக்கு முன்னால் பங்கு கிடைக்காமல் மருத்துவமனையில் போய்ப் படுத்துவிட்டு வந்தவள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏளா ஆவுடை, மேல இருக்கத நீ பாரு. கீழ்க்கெளை எனக்கு."

"சுரங்கத்துக்கு அனுப்பிருவாங்க, மைனி."

"அனுப்பட்டும். அங்கயும் சோறு பொங்க ஆளு வேணும்லா?"

அதன்பின் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வந்தவர்கள் யார் யார் என்று சங்கரலிங்கம் கொஞ்சநேரம் கழித்துத்தான் கவனித்தான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு இல்லை என்று ஏதோ ஒரு வருடம் நாற்காலிமேல் நின்று சொன்னவன் அவன்தான்.

இலை வாடினால் சுருங்கும், அளவு கெடும் என்று கூடைகூடையாக உடனே கேன்டீனுக்குக் கொண்டுபோனார்கள். மேசைகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பரப்பினார்கள். தளவாய் வாசலில் நின்று, இடைவெளி விட்டுப் பரப்புகிறார்களா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏமாற்றினால் முதலில் கத்தப்போகிறவன் அவன்தான் என்பதால் ஆவுடை அவனை அங்கேயே நிற்கச் சொன்னாள்.

கேன்டீன் தரை நிறைந்தது. கூடைகள் வந்துகொண்டே இருந்தன.

வாசலைத் தாண்டி நடைகூடத்தில் பரப்பினார்கள். பொதுக் கிடங்கைத் தாண்டியது. பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. தளவாய் குனிந்து, ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்த இரண்டு இலைகளைப் பிரித்து வைத்தான். கடைசிக் கூடை காலியானபோது பச்சை விரிப்பு ஜெபராணியின் அறைக் கதவைத் தொட்டிருந்தது. லென்ஸ் சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஜெபராணி கதவைத் திறந்தார். மிதிக்க மனமில்லாமல் வாசற்படியிலேயே நின்றார். விரிப்பு வந்த வழியெல்லாம் கண்ணை ஓட்டினார்.

"புங்கை அடர்த்தியான மரம்" என்றார் கடைசியில். "வாகை அப்படியில்லை. கிளை தடிமன், இலை கொஞ்சம். அங்கே கணக்கு எதிர்ப்பக்கம் போகும். ஒரு மரத்தை வச்சு நானூறு உயிரைத் தீர்மானிக்க முடியாது."

"சரிதான் டாக்டரம்மா" என்றான் சங்கரலிங்கம். "வாகையையும் பறிச்சுத்தான் பாக்கணும்."

கொண்டாட்டம் எதுவும் நடக்கவில்லை. பறித்த பெண்கள் நடைகூடத்துச் சுவரோரம் இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்ததும் மற்றவர்கள் தேற்றவில்லை. ஜமீலா ஓர் இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இருந்திருந்தா அவனுக்கு இப்போ பள்ளிக்கூடம் போற வயசு" என்றாள் ஆவுடையிடம். "நீ பறிக்காமலே இருந்துருக்கலாம்னு தோணுது ஏளா. தெரியாம இருந்தப்போ, வேற வழியில்லன்னு மனசு ஆறிக் கெடந்துச்சு."

ஆவுடை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனாலும் பறிச்சதுதான் சரி" என்றாள் ஜமீலா.

மறுநாள் குழு கூடியது. ஏழு பேர். வாகையைப் பறிக்க அனுமதிக்கலாம் என்று ஜெபராணி சொன்னார். நான்கு பேர் மறுத்தார்கள். புங்கையின் கணக்குச் செல்லாது, பறித்தவர்களில் தலைமை தாங்கிய இருவரும் சுரங்கத்துக்குப் போக வேண்டும், அதற்கு முன் ஆவுடை மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவானது. முடிவை ஜெபராணியே வந்து வாசித்தார்.

"மருத்துவமனைக்கு நான் போக மாட்டேன்" என்றாள் ஆவுடை. "கட்டித் தூக்கிட்டுத்தான் போகணும். யாரு தூக்குறாங்கன்னு பாக்கேன்."

ஜெபராணி வாசித்த தாளை மடித்து வைத்தார். நேரே காட்டுக்குப் போனார். நட்டநடு மதியம், எல்லோரும் பார்த்திருக்க, காட்டிலேயே முதிர்ந்த வாகையைத் தேர்ந்தெடுத்தார். ஆவுடைக்குப் பாதகமாகக் கணக்குச் சொல்லக்கூடிய மரம் அதுதான். சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டனுப்பி, "படம் எடு" என்றார்.

"குழு வேண்டாம்னு சொல்லிட்டாங்களே?"

"குழு சொன்னது எனக்கும் கேட்டது. எடுத்துட்டுத் தள்ளி நில்."

மூட்டுவலிக்காரரான அவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏணியில் ஏறினார். இலைச் சட்டம் எழுதியவர் தன் கையால் முதல் இலையைக் கிள்ளினார். கீழே நின்ற யாருக்கும் அவரைத் தடுக்கத் தோன்றவில்லை. தளவாய் ஏணியைப் பிடித்துக்கொண்டான், இந்த முறை உலுக்காமல்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வாகையில் லென்ஸ் சொன்னதைவிட இலை குறைவு. முக்கால் பங்கு தேறவில்லை. ஆனால் காட்டில் பெரும்பகுதி புங்கை. இரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்கு யாராலும் மறுக்க முடியாதபடி மேலே நின்றது. அந்த ஆண்டு பதினோரு பங்கு அறிவித்தார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது. ஆவுடைக்கும்.

தண்டனை மட்டும் மாறவில்லை. சட்டத்தை மீறியதை மீறவில்லை என்று எழுதக்கூடாது என்று ஜெபராணியே வாதாடி, பட்டியலில் தன் பெயரையும் சேர்க்க வைத்தார். பிள்ளை பிறந்தபிறகு போகலாம் என்று ஆவுடைக்குச் சலுகை தந்தார்கள். அவள் வாங்கவில்லை. "வயித்தக் காட்டித் தப்பிச்சேன்னு நாளைக்குச் சொல்லுவாங்க. தப்புன்னு நெனச்சு நான் ஒண்ணும் பறிக்கல" என்று கணவனோடும் ஜெபராணியோடும் வண்டி ஏறினாள்.

பனிச்சுரங்கத்து முகாம் ஒரு நீளமான தகரக் குழாய். ஒரு மரம் கிடையாது. மூச்சுக்கு சிலிண்டர்தான். சுவரில், செலவாகும் காற்றைக் காட்டும் காற்றுமானி எப்போதும் டிக் டிக்கென்று ஓடும். அங்கே இருக்கிறவர்கள் சத்தமாகச் சிரிக்கக்கூடத் தயங்குவார்கள். மழை மாதிரிப் புழுதி இறங்கிய ஒரு காலையில் ஆவுடைக்கு அங்கேதான் பெண்பிள்ளை பிறந்தது. முகாம் நர்ஸ் குளிப்பாட்டிக் கொடுத்தவளை ஜெபராணி துணியில் வாங்கிக்கொண்டார். பிள்ளை முகம் சிவக்க, காலை உதைத்து, தகரம் அதிரக் கத்தியது.

காற்றுமானியின் முள் ஏறுவதைப் பார்த்த மேற்பார்வையாளன் பயந்து, "டாக்டர், பிள்ளையக் கொஞ்சம் அமர்த்துங்க. காத்து வீணாப் போகுது" என்றான்.

சங்கரலிங்கம் பிள்ளையை வாங்கக் கை நீட்டினான். ஜெபராணி கொடுக்கவில்லை. இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டார்.

"கத்தட்டும்" என்றார். "அவளுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவையும் எடுத்துக்கட்டும்."